நறுமணச் செடியும் நிலத்தின் இயல்பும்

ஒரே செடியின் பெயரைத் தாங்கிய இரண்டு எண்ணெய்ப் போத்தல்கள் கடையொன்றின் அலுமாரியிலே அருகருகே இருக்கின்றன. ஒன்றைத் திறந்து முகர்ந்தால் மணம் மென்மையாகவும் இனிமையாகவும் வீசுகின்றது. மற்றையதைத் திறந்தாலோ காரமும் கற்பூர வாடையும் மூக்கைத் தாக்குகின்றன. வாங்க வந்தவர் இரண்டில் ஒன்று கலப்படம் என்று முடிவு செய்கின்றார். வணிகரோ இரண்டும் தூய எண்ணெயே என்று அடித்துக் கூறுகின்றார். கலப்படம் செய்வோர் உலகில் இல்லாமல் இல்லை. எனினும், இவ்வழக்கில் வணிகர் கூற்று மெய்யாக இருத்தலும் கூடும். செடிகள் ஒரே இனத்தவையாக இருக்கலாம். ஆனால் அவை வேரூன்றிய மண் வேறு, அவற்றின்மேற் பட்ட வெயில் வேறு, அவை தாங்கிய பனியும் வறட்சியும் வேறு. நிலத்தின் வேறுபாடே போத்தலுள் மணத்தின் வேறுபாடாகி நிற்கின்றது.

அப்படியாயின், செடியின் மணம் விதையிலிருந்து வருவதா, மண்ணிலிருந்து வருவதா என்ற வினா எழுகின்றது. இது தாவரவியலார் மட்டும் தமக்குள் பேசி மகிழும் வினாவன்று. நறுமணப் பயிரை நம்பி வாழும் குடும்பங்கள் உலகின் பல பாகங்களிலும் உள்ளன. எந்தச் செடியை, எந்த நிலத்தில், எவ்வாறு வளர்த்து, எப்பொழுது அறுவடை செய்வது என்பதை அறியாதவன் ஆண்டு முழுவதும் உழைத்தும் மதிப்பற்ற எண்ணெயையே பெறுவான். ஆதலால் இவ்வினாவுக்கு விடை காண்பது பயனுடைய முயற்சியாகும்.

முதலில், நறுமண எண்ணெய் என்பது யாது? நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவை ஒரு வகை. துளசி, கறுவா, கராம்பு முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய் மற்றொரு வகை. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை எளிய சோதனையொன்றால் அறியலாம். தேங்காயெண்ணெயிற் சிறு துளியைக் கடதாசியில் இட்டால் அது நிலையான கறையாகப் படிந்துவிடும். தூய நறுமண எண்ணெயின் துளியோ பெரும்பாலும் தடமின்றி ஆவியாகி மறைந்துவிடும். அவ்வாறு ஆவியாகும் இயல்பினாலேயே அது நெடுந்தூரத்திலிருந்தும் மூக்கை வந்து எட்டுகின்றது.

இவ்வெண்ணெய் செடியின் எல்லாப் பாகங்களிலும் பரவிக் கிடப்பதன்று. துளசிக் குடும்பத்துச் செடிகளில், இலையின் மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத சிறிய சுரப்பிகள் உள்ளன. அவற்றின் மெல்லிய உறைக்குள் எண்ணெய் தேங்கி நிற்கின்றது. துளசியிலையை விரலால் மெல்லத் தடவியவுடன் மணம் எழுவதற்குக் காரணம் அவ்வுறைகள் உடைவதேயாம். தோடம்பழத்தின் தோலில் எண்ணெய் சிறு குழிகளில் அடைபட்டிருக்கின்றது. கறுவாவிலோ அது பட்டையினுள் இருக்கும் தனிக் கலங்களில் உறைகின்றது.

எண்ணெயைப் பிரித்தெடுக்கும் முறையும் எளியதே. இலையையோ பூவையோ பட்டையையோ கலத்தில் இட்டு, அதனூடாக நீராவியைச் செலுத்துவர். நீராவி எண்ணெயைச் சுமந்துகொண்டு வெளியேறும். குளிர்ந்த குழாயினூடு செல்லும்போது இரண்டும் திரவமாகி, நீரும் எண்ணெயும் தனித்தனியே பிரியும். ஆனால் கிடைக்கும் அளவோ மிகச் சிறிது. ஒரு கிலோகிராம் உயர்ந்த லவண்டர் எண்ணெய் பெறுவதற்கு நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட பூங்கதிர்கள் வேண்டும். இத்துணைச் சுருங்கிய விளைவிலே சிறு ஏற்றத்தாழ்வு நேர்ந்தாலும் அது விவசாயியின் வருவாயைப் பெரிதும் பாதிக்கும்.

இனி, செடி ஏன் இந்த எண்ணெயை உண்டாக்குகின்றது என்று நோக்குதல் வேண்டும். மனிதர் முகர்ந்து மகிழ்வதற்காக அது மணம் பரப்பவில்லை. செடி ஓரிடத்தில் வேரூன்றி நிற்பது; பகை வந்தால் ஓட முடியாதது. இலையைத் தின்னும் புழுவையும் பூச்சியையும், மேயவரும் விலங்கையும், தன்மேற் படரும் பூஞ்சணத்தையும் அது நின்ற இடத்திலேயே நின்று எதிர்க்க வேண்டியுள்ளது. அவ்வெதிர்ப்புக்கு அது வகுத்துக்கொண்ட படைக்கலங்களுள் நறுமண எண்ணெயும் ஒன்று. பூவின் மணமோ தேனீயை அழைக்கும் தூதாகவும் அமைகின்றது.

படைக்கலம் செய்வதற்குப் பொருட்செலவு உண்டு. செடி காற்றிலிருந்து காபனீரொட்சைட்டைப் பெற்று, ஒளியின் துணைகொண்டு சர்க்கரையை ஆக்குகின்றது. அச்சர்க்கரையே இலைக்கும் தண்டுக்கும் வேருக்கும் முதலாகின்றது. எண்ணெய்க்கும் அதுவே முதல். ஆகவே, செடியின் குடித்தனத்தில் வளர்ச்சிக்கு எவ்வளவு, காவலுக்கு எவ்வளவு என்ற வரவு செலவுக் கணக்கு இடையறாது நடந்துகொண்டிருக்கின்றது. நிலமும் நீரும் ஒளியும் வெப்பமும் அக்கணக்கை மாற்றுகின்றன. இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

முதலாவதாக ஒளியை எடுத்துக்கொள்வோம். துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சையை நேயர் பலர் அறிவர். அதனைக் கண்ணாடி வீட்டினுள் வளர்த்து ஆராய்ந்தவர்கள் வியத்தகு உண்மையொன்றைக் கண்டு 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடுகின்றது. ஆனால் ஞாயிற்றொளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றது. அக்கதிர்கள் படாத செடிகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் முழுமையாக நிரம்பாமற் கிடந்தன. அக்கதிர்களைத் தனியே படச்செய்தபோது சுரப்பிகள் பருத்து நிரம்பின. பார்வைக்குப் பசுமையாகவும் செழிப்பாகவும் தோன்றும் செடி மணத்தில் வறியதாய் இருக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

ஒளியோடு வெப்பமும் சேர்ந்து நோக்கத்தக்கது. புதினாவின் இனமான பெப்பர்மின்ற் செடியைப் பற்றி அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வொன்று 1967இல் வெளியாயிற்று. நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் அமைந்தால் அச்செடியின் எண்ணெய் நல்ல இயல்புடையதாகின்றது. பகல் சுருங்கி இரவு வெப்பமாக இருந்தால் விரும்பத்தகாத கூறுகள் மிகுகின்றன. பகலிற் சேர்த்த சர்க்கரையை வெப்பமான இரவு விரைவாகச் செலவழித்துவிடுவதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் விளக்கினர். ஆகவே, பகலின் வெயிலை மட்டும் கணக்கிட்டு நிலத்தை மதிப்பிடுதல் போதாது. இரவின் குளிரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

அடுத்தது நீர். வீட்டு முற்றத்திற் கற்பூரவள்ளி வளர்ப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். நிழலில் நின்று நாள்தோறும் நீர் பெறும் செடியின் இலை அகன்று சதைப்பற்றுடன் இருக்கும்; வெயிலில் நின்று அளவாக நீர் பெறும் செடியின் இலை சிறுத்துத் தடித்திருக்கும்; கசக்கினால் அதன் காரமே மிகுதி. இலை சிறுக்கும்போது சுரப்பிகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. வளர்ச்சி சற்றே தடைப்படும்போது, வளர்ச்சிக்குச் செலவாகாத சர்க்கரையில் ஒரு பங்கு எண்ணெயாக மாறுவதும் உண்டு.

இதனைக் கேட்டவுடன், செடியை வாட்டினால் எண்ணெய் பெருகும் என்று எண்ணிவிடலாகாது. இங்கே பலரும் இடறுவர். நூறு இலையில் எத்துணை எண்ணெய் என்பது ஒரு கணக்கு. ஓர் ஏக்கரில் எத்துணை எண்ணெய் என்பது வேறொரு கணக்கு. வறட்சி மிகுந்தால் முதற் கணக்கு உயரும்; ஆனால் இலையே குறைந்துவிடுவதால் இரண்டாவது கணக்கு வீழ்ந்துவிடும். நைதரசன் உரத்தை மிகுதியாக இட்டாலோ இதற்கு மறுதலை நிகழக்கூடும்: இலை குவியும், மொத்த எண்ணெயும் கூடலாம், ஆனால் இலைக்குரிய எண்ணெய் விகிதமும் மணத்தின் தரமும் உயரும் என்பதற்கு உறுதியில்லை. எவ்வளவு என்பதும் எத்தகையது என்பதும் இரு வேறு வினாக்கள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கு விடையாகக் கொள்வதே நறுமணப் பயிர்ச்செய்கையில் நேரும் பெருந்தவறாகும்.

இத்தவறின் விலையை நன்கு அறிந்த நாடு பிரான்ஸ். அதன் தென்கிழக்கிலுள்ள புரோவென்ஸ் மாகாணம் லவண்டர் செடிக்குப் பெயர்பெற்றது. முழங்கால் உயரமளவில் வளரும் இச்சிறு புதர், கோடையில் ஊதா நிறக் கதிர்களைத் தாங்கி மலைச்சரிவுகளை மூடி நிற்கும். இதன் உயர்ந்த இனம் மலைமேற் சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த வறண்ட நிலத்திலே தழைப்பது. தாழ்ந்த சரிவுகளில் அதன் உறவினமான மற்றொரு லவண்டர் வளர்கின்றது. அதன் மணத்திற் கற்பூரம் மிகுதி. இரண்டும் சந்திக்கும் நடு உயரத்தில் தேனீக்கள் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல, இயற்கையாகவே கலப்பினம் ஒன்று தோன்றியது. அதற்கு லவண்டின் என்று பெயர்.

லவண்டின் பெரிய செடி, பூவும் மிகுதி, எண்ணெயும் அதே பரப்பில் உயர்ந்த லவண்டரிலும் பன்மடங்கு. தாழ்நிலத்திலும் அது தயக்கமின்றி வளரும். அது விதை தராத மலட்டுச் செடியாதலால், நல்ல தாய்ச்செடியொன்றைத் தெரிந்து தண்டு வெட்டி நட்டுப் பெருக்கினர். இருபதாம் நூற்றாண்டிலே வயல்கள் வேகமாக லவண்டின் வயல்களாயின. சவர்க்காரத்துக்கும் சலவைத்தூளுக்கும் அவ்வெண்ணெய் பெரிதும் வேண்டப்பட்டது. ஆனால் அதன் மணத்திற் கற்பூரத்தின் சாயல் நீங்குவதில்லை. உயர்ந்த லவண்டரின் மென்மை எஸ்தர் என்னும் வகையைச் சேர்ந்த கூறொன்றினாலும், கற்பூரம் மிகக் குறைந்திருப்பதனாலும் அமைவது. மலிந்த எண்ணெயும் உயர்ந்த எண்ணெயும் மக்கள் வாயில் ஒரே பெயரால் வழங்கவே, மலைமேல் விளைவிப்போர் தம் பொருளுக்குரிய விலையைப் பெற முடியாது தவித்தனர்.

அந்நிலையில் 1981ஆம் ஆண்டிலே ‘மேற் புரோவென்ஸ் லவண்டர் எண்ணெய்’ என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. 800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், விதையிலிருந்து முளைத்த உயர்ந்த இனச் செடிகளிலிருந்து வடித்த எண்ணெயே அப்பெயரைத் தாங்கலாம் என்பது விதி. இனத்தை மட்டும் சொல்லி அமையாமல், உயரத்தையும் விதி வரையறுத்தது கவனிக்கத்தக்கது. செடியோடு நிலமும் சேர்ந்தே அந்த மணத்தை ஆக்குகின்றது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாயிற்று.

ஒரே தாய்ச்செடியின் தண்டுகளால் வயல்களை நிரப்பியதில் இன்னொரு கேடும் ஒளிந்திருந்தது. அவ்வாறு பரப்பப்பட்ட லவண்டின் வகையொன்று 1970களில் நோயினால் பெரிதும் அழிந்தது. ஒரு செடியைக் கொல்லும் நோய் அதன் பிரதிகளான ஏனையவற்றையும் கொல்லுமன்றோ? அதன் இடத்தில் வேறொரு வகையை நட்டுத்தான் விவசாயிகள் மீண்டனர். விதையால் முளைத்த லவண்டர் வயலிலோ ஒவ்வொரு செடியும் சிறிதளவு வேறுபட்டது. அவ்வேறுபாடு அறுவடைக்குத் தொல்லை தரினும், இடுக்கண் வந்தவிடத்துக் காப்பாக அமைகின்றது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கே திரும்புவோம். மணம் விதையினதா, மண்ணினதா? இதற்கு மிகத் தெளிவான விடை பிரான்ஸின் தென்பகுதியில், மொன்பெலியே நகருக்கு வடக்கேயுள்ள சிறியதொரு பள்ளத்தாக்கிற் கிடைத்தது. சான் மார்த்தன் த லோந்திர என்பது அவ்விடத்தின் பெயர். அங்கே ‘தைம்’ என்னும் செடி காடாக வளர்கின்றது. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இது, சாண் உயரமுள்ள, சிற்றிலைகள் அடர்ந்த குறும்புதர். ஐரோப்பியர் சமையலிலும் மருந்திலும் அதனைப் பெரிதும் பயன்படுத்துவர்.

அப்பகுதியின் தைம் செடிகள் உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் மணத்தால் அவை ஆறு வகைப்படும். ஒரு வகையின் எண்ணெயில் தைமோல் மிகுதி. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான பொருளும் அதுவே. இன்னொன்றிற் கார்வக்குரோல் மிகுதி; அது கற்பூரவள்ளியின் காரத்தை நினைவூட்டும். இவ்விரண்டும் பீனோல் என்னும் வகுப்பைச் சேர்ந்த காரமான பொருள்கள். ஏனைய நான்கு வகைகளும் பீனோல் அற்றவை, மென்மணம் உடையவை. அவற்றுள் ஒன்றிலே கொத்தமல்லி விதையில் உள்ள லினலூலும், மற்றொன்றிலே ரோசாவின் மணத்தில் உள்ள ஜெரானியோலும் மேலோங்கி நிற்கின்றன. ஒரு செடி எவ்வகை மணம் பெறும் என்பது பரம்பரையால் நிர்ணயிக்கப்படுகின்றது. காரமான வகையைப் பிடுங்கி வேறோரிடத்தில் நட்டாலும் அது காரமான வகையாகவே இருக்கும்.

இவ்வளவிற் பார்த்தால் மணம் விதையினதே என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அவ்வகைகள் வளரும் இடங்களை ஆய்வாளர் படத்திற் குறித்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. பள்ளத்தாக்கின் அடியில் நின்றவை பெரும்பாலும் மென்மணச் செடிகள். சுற்றியுள்ள கற்பாங்கான மேட்டுச் சரிவுகளில் நின்றவை காரமான செடிகள். இடைத்தூரமோ சில கிலோமீற்றரே. விதைகள் இருபுறமும் பரவக்கூடிய அத்துணை அண்மையில் இவ்வாறு எல்லை பிரிந்து நிற்பதற்குக் காரணம் என்ன?

விடை குளிர்காலத்தில் இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த இரவுகளில் அது சரிவுகளிலிருந்து வழிந்து, குளத்தில் நீர் தேங்குவதுபோலப் பள்ளத்தாக்கின் அடியிலே தேங்கும். ஆதலால் மேட்டிலும் பள்ளத்திலேயே உறைபனி கடுமையாயிருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் வரும் கடும் உறைபனியைக் காரமான வகைகள் தாங்கமாட்டா. மென்மண வகைகள் தாங்கும். மேட்டுச் சரிவிலோ மண் மெலிந்தது, கோடை வறட்சி கொடியது. அங்கே காரமான வகைகளின் கை ஓங்குகின்றது. இரு வகைகளையும் இடம் மாற்றி நட்டுப் பார்த்தபோதும் இவ்வுண்மை உறுதிப்பட்டது.

ஆகவே, விடை இதுவாகும். தனிச் செடியின் வாழ்நாளிலே அதன் மணத்தின் வகையை விதை தீர்மானிக்கின்றது. அதன் அளவையும் செறிவையும் நிலமும் பருவமும் கூட்டிக் குறைக்கின்றன. ஆனால் தலைமுறை தலைமுறையாக நோக்கினால், எந்த விதை எங்கே பிழைத்து நிற்கும் என்பதை நிலமே தீர்மானித்து வந்துள்ளது. விதைக்குள் இருப்பதும் பண்டைய பனிகளும் வறட்சிகளும் தெரிந்தெடுத்து விட்டுச்சென்ற எச்சமே.

இவ்வரலாறு அத்தோடு முடியவில்லை. அப்பள்ளத்தாக்கின் செடிகளை 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்து குறித்துவைத்திருந்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், ஜோன் தொம்சன் என்னும் ஆய்வாளரும் அவருடன் இணைந்தோரும் அதே இடங்களுக்குச் சென்று மீண்டும் ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின. முன்னர் மென்மணச் செடிகள் மட்டுமே நின்ற இடங்களிற் காரமான செடிகள் தோன்றியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் உலகின் வெப்பம் உயர, பள்ளத்தாக்கின் கடும் உறைபனி தளர்ந்துவிட்டது. முன்பு பனி தடுத்து நிறுத்திய செடிகள் இப்பொழுது தடையின்றிக் கீழிறங்கின. வெப்பமானிகள் காட்டும் மாற்றத்தைத் தைம் செடிகள் தம் மணத்தாற் காட்டின.

இதில் அடங்கியுள்ள எச்சரிக்கையைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது. காலநிலை மாறும்போது செடியினம் அழியாமலே அதன் மணம் மாறிவிடக்கூடும். மலை பசுமையாகவே இருக்கும். செடியின் பெயரும் பழைய பெயராகவே இருக்கும். ஆனால் முன்னோர் அறிந்த மணமும், அம்மணத்தை நம்பிய தொழிலும் அங்கே இல்லாதுபோகலாம். மென்மண வகைகள் வாழ்ந்த குளிர்ந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக இழக்கப்படின், அவ்வகைகளுக்குப் புகலிடம் சுருங்கும். ஒருமுறை அழிந்த வகையைப் பணம் கொடுத்து மீளப்பெற முடியாது.

பிரான்ஸ் தேசத்து மலைகளில் விளங்கிய இவ்வுண்மை இலங்கைக்கும் அயலானதன்று. இந்நாட்டின் பெயரை உலகறியச் செய்த கறுவாவும் புதராக வெட்டி வளர்க்கப்படும் நறுமணப் பயிரே. இயல்பாக மரமாகக்கூடிய அதனை அடியில் வெட்டிவிட, புதிய தளிர்த்தண்டுகள் கூட்டமாக எழுகின்றன. அத்தண்டுகளிலிருந்தே பட்டை உரிக்கப்படுகின்றது. ஒரே செடியில் மூன்று மணங்கள் இருப்பது கறுவாவின் தனிச்சிறப்பு. பட்டையின் எண்ணெய் இனிய கறுவா மணம் உடையது. இலையின் எண்ணெயில் இயூஜினோல் மிகுந்திருப்பதால் அது கராம்பை ஒத்த மணம் வீசும். வேர்ப்பட்டையிலோ கற்பூரம் உள்ளது. ஒரே மண்ணில், ஒரே மழையில் நின்றும் உறுப்புக்கு உறுப்பு மணம் வேறுபடுகின்றது.

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் ஆட்சியின் பெரும்பகுதியிலும் கறுவா காட்டிலிருந்தே சேகரிக்கப்பட்டது. ஆளுநர் பால்க் காலத்திலே, 1769ஆம் ஆண்டளவில், கொழும்பு மருதானையில் அதனைத் தோட்டமாகப் பயிரிடும் முயற்சி தொடங்கிற்று. கொழும்பின் ஒரு பகுதி இன்றும் கறுவாத்தோட்டம் என்றே வழங்குகின்றது. நீர்கொழும்பை அடுத்த வெண்மணல் நிலங்களில் விளைந்த கறுவாவின் மென்மையையும் இனிமையையும் வணிகர் நெடுங்காலம் போற்றி வந்தனர். நெல்லுக்கு உதவாத அம்மணலே உயர்ந்த கறுவாவுக்கு உதவிற்று. பிற்காலத்திற் காலி, மாத்தறை மாவட்டங்கள் கறுவாச் செய்கையில் முன்னணிக்கு வந்தன.

கறுவா உரிப்போர் பருவத்தின் அருமையை நன்கறிந்தவர்கள். செந்நிறத் தளிர் எழுந்து நிற்கும் வேளையிற் பட்டை தண்டைவிட்டு எளிதில் விலகாது. தளிர் முற்றிப் பச்சையாகி, மழையால் தண்டில் ஈரம் ஏறிய பின்னரே அது இலகுவாக உரியும். செடியின் உள்நிலையை வெளிநிறத்தால் அறியும் இவ்வறிவு, ஏட்டுக் கல்வியின்றிப் பரம்பரையாக வந்தது. 2022ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் கறுவா’ என்னும் பெயருக்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. இந்நிலத்தோடு இப்பொருளுக்குள்ள உறவு அதன்மூலம் அயல்நாட்டுச் சந்தையிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெயர் காக்கப்பட்டால் மட்டும் போதாது. அப்பெயருக்குரிய தரத்தைக் காத்தல் விளைவிப்போர் கடமையாகும்.

நறுமணச் செடிகளைப் பயிரிட விரும்புவோர் மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, நாற்றை அதன் இலைச் செழிப்பைக் கண்டு வாங்கலாகாது. தாய்ச்செடியின் மணத்தை அறிந்தே வாங்குதல் வேண்டும். இரண்டாவது, செடியின் தாயகத்தில் நிலவும் வெயிலையும் மழையையும் இரவுக் குளிரையும் விசாரித்து, அவற்றுக்கு ஒத்த நிலத்தைத் தெரிதல் வேண்டும். வறண்ட மலைச் செடியைச் சேற்று நிலத்தில் நட்டு உரமிட்டுப் போற்றுவது அன்பாகத் தோன்றினும் அறிவாகாது. மூன்றாவது, முதன்முறை பெரும்பரப்பில் நடாது, சிறு பாத்திகளில் நட்டு, ஒரு பருவமேனும் எண்ணெயைச் சோதித்துப் பார்த்தல் நலம். எண்ணெயின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவிகள் இன்று ஆய்வுகூடங்களில் உள்ளன.

நான்காவது, அறுவடைக் காலத்தைத் தவறவிடலாகாது. பூங்கதிரிலிருந்து எண்ணெய் வடிக்கப்படும் லவண்டர் போன்ற செடிகளைப் பூத்திருக்கும் பருவத்தில், மழையற்ற உலர்ந்த நாட்களில் வெட்டுதல் வழக்கம். வடிக்கும்போதும் நிதானம் தேவை. கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் லவண்டரின் மென்மணக் கூறு சிதையும். வடித்த பின்னரும் ஒளியும் காற்றும் எண்ணெய்க்குப் பகையாதலால், நிறப் போத்தல்களில் நிறைய ஊற்றி இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். மலையும் மழையும் பல மாதம் உழைத்து ஆக்கியதைப் பாதுகாப்புக் குறைவினாற் சில வாரங்களில் இழப்பது வருந்தத்தக்கது.

பொருளை வாங்குவோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எல்லா எண்ணெயும் எப்பொழுதும் ஒரே மணமாய் இருத்தல் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவார்களாயின், விளைவிப்போர் ஒரே வகையை மட்டும் நட்டு ஏனையவற்றைக் கைவிடுவர். அல்லது செயற்கைப் பொருளைக் கலந்து மணத்தைச் சமன் செய்ய முற்படுவர். மழை மிகுந்த ஆண்டின் எண்ணெயும் மழை குறைந்த ஆண்டின் எண்ணெயும் சற்று வேறுபடுதல் இயல்பு. அவ்வேறுபாட்டைக் குற்றமாகக் கொள்ளாது, நேர்மையான எண்ணெயின் இயல்பாகக் கொள்ளும் பழக்கம் பரவுதல் வேண்டும்.

வேலியோரத்திலும் குன்றின் சரிவிலும் கவனிப்பாரற்று நிற்கும் காட்டுச் செடிகளையும் இந்நோக்கோடு காணுதல் தகும். பயிர்நிலத்துச் செடிகள் நோயாலோ வறட்சியாலோ வாடும் காலம் வரின், அதனைத் தாங்கும் ஆற்றல் அக்காட்டு உறவுகளிடமே இருக்கக்கூடும். அவை நிற்கும் நிலங்களை அழியாது காத்தலும், அவற்றின் மணங்களை ஆராய்ந்து பதிவு செய்தலும், அவ்வறிவை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தலும் பல்கலைக்கழகங்களும் விவசாய நிலையங்களும் பாடசாலைகளும் கூடி ஆற்றவேண்டிய பணியாகும்.